எலிக்குப் பதிலாக எக்கியார்குப்பம்

ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரி சாலையில் எப்படிப் போக வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வதைப் படித்தால் நெஞ்சு உருகிவிடும். அவ்வளவு கரிசனம். சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். வகை எண் 100 மில்லிமீட்டர். அபாயச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரம். இரண்டு விலாவிலும் முதுகிலுமாக மூன்று இடத்தில். அவசரத்துக்குக் கூப்பிட ஃபோன் நம்பர் வேறு. மெத்தனால் என்றால் 1230 என்ற ஐ.நா. எண், தீப்பிடிக்கும் என்பதற்கு ஒரு சுடர், விஷம் என்பதற்கு ஒரு மண்டையோடு. ஒலக்கூர் பக்கம் நெடுஞ்சாலையில் நின்றால், இப்படி உடம்பெல்லாம் எச்சரிக்கை ஒட்டிக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்க்கலாம். ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருப்பவர் அந்த டேங்கரிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கப்போவதில்லை. ஆனாலும் அவருக்கு மூன்று பக்கமும் எச்சரிக்கை.

குடிக்கப்போகிறவருக்கு என்ன? அவர் கைக்கு வரும்போது எண் இல்லை, சுடர் இல்லை, மண்டையோடு இல்லை. ஒரு பிளாஸ்டிக் கவர், அதன் வாயில் ஒரு முடிச்சு. ஃபோன் நம்பர் மட்டும் உண்டு. அது விற்கிறவனுடைய நம்பர்.

2023 மே 13. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவர் ஊரில் சாயங்காலம் பாக்கெட் வாங்கிக் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி, கண் இருட்டல். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் புதுச்சேரிக்கும் ஆம்புலன்ஸ்கள் பறந்தன. அதே நாட்களில் வடக்கே, பக்கத்து மாவட்டத்து மதுராந்தகம் வட்டாரக் கிராமங்களிலும் இதே சாவு. ஒரு பக்கம் மதுராந்தகம், இன்னொரு பக்கம் மரக்காணம், நடுவில் எங்கள் ஒலக்கூர். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் போனார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள்.

பிறகுதான் அரசாங்கத்துக்கு வேதியியல் நினைவுக்கு வந்தது. தடயவியல் சோதனை நடந்தது. குடித்தது கள்ளச்சாராயம் இல்லை, தொழிற்சாலையில் பயன்படுகிற மெத்தனால் என்ற விஷச்சாராயம் என்று டி.ஜி.பி. அறிவித்தார். ஆக, வகைப்பாடு முடிந்தது, லேபிளும் ஒட்டியாயிற்று. ஒட்டிய இடம் டிரம் இல்லை, கேன் இல்லை, பாக்கெட் இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை.

உலகத்தில் மற்ற இடங்களில் ஒரு ரசாயனம் எவ்வளவு நச்சு என்று தெரிந்துகொள்ள எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பாதி எலி எந்த அளவில் சாகிறதோ அதை வைத்து வகை பிரிக்கிறார்கள். நம் ஊர் பூச்சிமருந்து டப்பாவில் இருக்கிற நிறமும் இப்படி வந்ததுதான். ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் வரை போதுமென்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. மெத்தனாலுக்கு எலி அவ்வளவு சுலபத்தில் சாகாது. மெத்தனால் ஈரலில் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறும். அந்த அமிலம்தான் கண் நரம்பைத் தின்று ஆளைச் சாய்ப்பது. எலியின் உடம்பு அதைச் சீக்கிரம் கழித்துவிடும். மனிதனுக்கும் குரங்குக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. எலிக்கு வாய்வழி மரண அளவு கிலோவுக்கு 5,600 மில்லிகிராம் பக்கம். அதாவது, பூச்சிமருந்துக் கணக்கை அப்படியே போட்டால் மெத்தனாலுக்குக் கிடைப்பது பச்சை லேபிள்! அதனால்தான் ஐரோப்பாவில் எலியை நம்பாமல், மனிதர்கள் செத்த பழைய கணக்கைப் பார்த்து அதற்கு மண்டையோடு ஒட்டினார்கள். நாமும் எலியை நம்புவதில்லை. ஆனால் பழைய கணக்கைப் பார்க்கிற சோம்பேறித்தனமும் நம்மிடம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பரிசோதனை செய்கிறோம். 2001இல் பண்ருட்டியில் செய்தோம், 2023இல் எக்கியார்குப்பத்தில் செய்தோம், 2024இல் கள்ளக்குறிச்சியில் செய்தோம். முடிவு மூன்று முறையும் ஒன்றே: மெத்தனால் குடித்தால் மனிதன் சாவான். விஞ்ஞானத்தில் இவ்வளவு உறுதியாக நிரூபணமானது வேறு எதுவும் இருக்குமா என்று தெரியவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. போபாலில் விஷவாயு கசிந்த பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 1989இல் அபாய ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள். அதில் 684 ரசாயனங்களின் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும். கலத்தின் மீது உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் யார், அதன் நச்சுத்தன்மை என்ன என்று எழுதியிருக்க வேண்டும். சரி. கலம் சின்னதாக இருந்து ஒட்ட இடமில்லாவிட்டால்? அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள்: ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடலாம், அல்லது கூடவே காகிதம் கொடுத்தனுப்பலாம். எக்கியார்குப்பத்துப் பாக்கெட் சின்னக் கலம்தான். விதியை மதிக்கிற சாராய வியாபாரியாக இருந்திருந்தால் பாக்கெட்டோடு ஒரு தகவல் தாளைச் சேர்த்தே கொடுத்திருப்பான்.

ஐ.நா. சபை 2003இல் உலகத்துக்கெல்லாம் பொதுவான லேபிள் முறையை வெளியிட்டது. எந்த நாட்டு டிரம்மாக இருந்தாலும் ஒரே சின்னம், ஒரே வகை. எழுத்துத் தெரியாதவனும் படத்தைப் பார்த்து ஒதுங்கலாம். இந்தியா அதை எல்லா ரசாயனத்துக்கும் கட்டாயமாக்கியதா? வரைவு போட்டது. 2020இல் ரசாயன மேலாண்மை, பாதுகாப்பு விதிகள் என்று ஒரு வரைவு வெளியே வந்தது. கருத்துக் கேட்டார்கள். தொழில்துறை கருத்துச் சொன்னது. திருத்தினார்கள், மறுபடியும் கேட்டார்கள். நான் இதை எழுதும்வரை அது சட்டமாகவில்லை. இந்த நாட்டுக்கு மெத்தனாலில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. துறைமுகம் வரைக்கும் அதற்கு உலக மரியாதை. அதற்கப்புறம் அது நம்ம ஊர்ச் சரக்கு.

மாநில அரசுக்கும் இதில் ஒரு பழைய விதிப்புத்தகம் இருக்கிறது. 1959இல் போட்டது. மெதிலேற்றிய சாராயம், மெதில் ஆல்கஹால், வார்னிஷ் மூன்றையும் யார் வைத்திருக்கலாம், யாருக்கு விற்கலாம் என்று உரிமம், பதிவேடு, சோதனை எல்லாம் அதில் உண்டு. சென்னைப் பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து மெத்தனால் வெளியே போனது என்று 2023இல் போலீஸே சொன்னது. டிரம் டிரம்மாக வெளியே போனதைப் பதிவேடு பார்க்கவில்லை. பதிவேட்டைப் பார்க்க வேண்டியவரும் பார்க்கவில்லை. அவர் பார்த்தது வேறு எதையோ. நாலு லிட்டர் மண்ணெண்ணெய் கேட்ட பாட்டியிடம் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அரசாங்கம்தான் இது என்பதை நினைவில் வையுங்கள்.

சம்பவம் நடந்ததும் என்ன செய்தார்கள்? முதலமைச்சர் முண்டியம்பாக்கம் வந்தார். விழுப்புரம் எஸ்.பி. சஸ்பெண்ட். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சை பெற்றவருக்கு 50 ஆயிரம். ஐ.நா.வுக்கு ஒரு லேபிள் முறை இருப்பதுபோல் நமக்கும் ஒன்று இருக்கிறது, கவனித்தீர்களா? முதல் வகை அபாயம்: 10 லட்சம். இரண்டாம் வகை: 50 ஆயிரம். கண் மங்கி வீடு திரும்பினாலும் இரண்டாம் வகைதான். மண்டையோடு, சுடர் எல்லாம் தேவையில்லை. காசோலையைப் பார்த்தாலே எவ்வளவு கொடிய விஷம் என்று புரிந்துவிடும்.

ஒரு வருஷம் கழித்து 2024 ஜூன். கள்ளக்குறிச்சி, கருணாபுரம். 2019 வரை அதுவும் விழுப்புரம் மாவட்டம்தான். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே வகைப்பாடு இன்னும் முன்னேறியிருந்தது. முதல் சாவுகள் வந்தபோது சாராயம் காரணம் என்பதையே மாவட்ட நிர்வாகம் மறுத்தது. அந்த மறுப்பை நம்பி இன்னும் எத்தனை பேர் வீட்டில் மிச்சமிருந்த பாக்கெட்டை அவிழ்த்தார்களோ. லேபிள் இல்லாத விஷத்துக்கு அரசாங்கமே தவறான லேபிள் ஒட்டியது என்றால் அது இதுதான்.

அப்புறம் மருந்து விவகாரம். மெத்தனால் விஷத்துக்கு முறிவு மருந்து ஃபோமெபிசோல். வயிற்றுப்புண்ணுக்குக் கொடுக்கிற மாத்திரை ஒமெபிரசோல். எதிர்க்கட்சித் தலைவரும் சுகாதாரத்துறை அமைச்சரும் இந்த இரண்டு பெயரில் எது இருப்பில் இருக்கிறது, யார் எதைச் சொன்னார் என்று பத்திரிகையில் மல்லுக்கட்டினார்கள். ஜிப்மரிலும் சேலத்திலும் ஆட்கள் கண் தெரியாமல் கிடந்த நாட்கள் அவை. விஷத்துக்குத்தான் லேபிள் இல்லை என்றால், மருந்தின் லேபிளையாவது ஒரு தடவை படித்துவிட்டு மைக்கைப் பிடித்திருக்கலாம்.

லேபிள் ஒட்டத் தெரியாத அரசு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மது உடல்நலத்துக்குக் கேடு என்று சுத்தத் தமிழில் அச்சடித்திருக்கும். விற்கிறவரே கேடு என்று எழுதி, அதன் மேல் விலையும் எழுதி, விலைக்கு மேல் பத்து ரூபாய் கூடுதலாகவும் வாங்குகிற கடை உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். அந்தக் குவார்ட்டர் நூறு ரூபாயைத் தாண்டிப் போனதும், கட்ட முடியாத கூலிக்காரன் பாக்கெட்டுக்குப் போனான். சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கை 1948இல் கொண்டுவந்தவர் அன்றைய மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். அந்த ஓமந்தூர் இதே திண்டிவனம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர் பெயரில் சென்னையில் அரசு பல்நோக்கு மருத்துவமனை இருக்கிறது. மதுவிலக்கு இல்லை.

குடிகாரனுக்கு எதற்குப் பத்து லட்சம் என்று கேட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். டீக்கடையில் கேட்டார்கள், டி.வி.யில் கேட்டார்கள். எக்கியார்குப்பத்தில் செத்தவர்கள் மீனவர்கள். கருணாபுரத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள். ரசாயனத்தை வகைப்படுத்த நமக்கு நேரமில்லை. செத்தவனை வகைப்படுத்த ஒரு நிமிஷம் போதும். பாரில் உட்கார்ந்து குடிப்பவன் குடிமகன். பாக்கெட் குடித்தவன் குடிகாரன். முதலாமவன் பாட்டிலில் மெத்தனால் இருந்திருந்தால் அந்த ராத்திரியே கோட்டையில் விளக்கு எரிந்திருக்கும்.

செக் நாட்டில் 2012இல் அப்படித்தான் ஆனது. கலப்படச் சாராயத்தில் மெத்தனால். 40 பேருக்கு மேல் செத்தார்கள். சாவு தொடங்கிச் சில நாளிலேயே அந்த நாட்டு அரசு 20 சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள மதுவை நாடு முழுக்க விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. கடையைத் திரும்பத் திறந்தபோது புதிய சரக்கு ஒவ்வொன்றுக்கும் எங்கே பிறந்தது என்று காட்டுகிற பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அங்கே சரக்குக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். இங்கே குடித்தவனுக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்தோம், அதையும் வாங்க வாரிசு நாலு தடவை தாலுகா ஆபீஸ் நடந்தான்.

2024 ஜூன் கடைசியில் சட்டமன்றம் கூடி மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. விஷச்சாராயம் விற்று ஆள் செத்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். நல்லது. ஆனால் அதுவும் ஆள் செத்த பிறகு வருகிற சட்டம்தான். டிரம் ஆலை வாசலைத் தாண்டும்போது வரவேண்டிய சட்டத்தை யாரும் தொடவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. பெயிண்ட், தின்னர், வார்னிஷ் வேலைக்குப் போகிற மெத்தனாலில் நீலச் சாயமும், நாக்கில் வைத்தால் துப்பிவிட்டு ஓடவைக்கும் கசப்பும் ஆலையிலேயே கலக்க வேண்டும். இங்கிலாந்தில் மெதிலேற்றிய சாராயத்துக்கு ஊதா நிறத்தில் இதைத்தான் செய்தார்கள். மருந்துக் கம்பெனிக்குச் சாயம் ஆகாது என்றால் அவர்களுக்குத் தனி உரிமம், தனிக் கணக்கு. தின்னர் நீலமாக இருந்தால் எந்த பீரோ அழப்போகிறது? ஒவ்வொரு டிரம்முக்கும் எண் வேண்டும். அந்த எண் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது மதுவிலக்கு அதிகாரியின் மேசை டிராயரில் இல்லாமல், யாரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். மண்டையோடும் "குடித்தால் கண் போகும், உயிர் போகும்" என்ற தமிழ் எழுத்தும் டேங்கரில் மட்டும் இல்லாமல் கடைசிக் கேன் வரை போக வேண்டும். சிறிய கலத்துக்குச் சீட்டு போதும் என்ற சலுகையை விஷப் பொருளுக்கு ரத்து செய்ய வேண்டும்.

மதுவிலக்கு அமலாக்கத்துறைக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், வரைவைத் தூக்கிக்கொண்டு திரிகிற டெல்லி அமைச்சகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எங்கள் பக்கம் வரும்போது காசோலையை விட்டுவிட்டு, மெத்தனால் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். அதுவும் ஆள் சாவதற்கு முன்னால் வாருங்கள்.