தெருச் சந்தி இலக்கணம்

சொல்லுக்குச் சந்தி உண்டு; தெருவுக்கும் உண்டு. சொல்லின் சந்தியை இயல்பு, தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூல் வகுத்துவிட்டது. தெருவின் சந்தியை வேலூர் லாங் பஜாரிலிருந்து வகுக்கலாம்.

அளவை: ஒரு சந்தியில் எத்தனை வழிகள் கூடுகின்றன என்று எண்ணுக. நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, முட்டுச்சந்துக்கு 1. எல்லாவற்றுக்கும் சராசரி கண்டால் ஊரின் இணைப்பு தெரியும்.

இயல்பு: லாங் பஜார். பெயரிலேயே ஆங்கிலமும் பாரசீகமும் புணர்ந்திருக்கின்றன. மூட்டை இறக்கும் லாரி குறுக்கே நிற்கும். கைவண்டிக்காரர் ஒரு கணம் பார்ப்பார். "ஓரம், ஓரம்" என்றபடி பக்கத்துச் சந்துக்குள் சக்கரத்தைத் திருப்புவார். நெரிசல் உண்டு, வழியற்றுப் போவதில்லை.

தோன்றல்: காட்பாடி காந்தி நகர். ஒரே திட்டமாக வரைந்த மனைகள். மெயின் ரோடும் குறுக்குத் தெருவும் எண் வரிசையில் வெட்டிக்கொள்ள, புதுச் சந்திகள் தோன்றின.

திரிதல்: வேலூருக்கும் காட்பாடிக்கும் இடையில் பாலாறு. அக்கரை போக எந்தத் தெருவும் பாலத்தை நோக்கித் திரிந்தாக வேண்டும்.

கெடுதல்: புறநகரின் புது நகர்கள். ஒருவர் தம் சர்வே எண்ணுக்குள் மனை பிரிக்கிறார். தெரு அவர் வரப்போடு நிற்கிறது. பக்கத்து நிலம் மனையாகும்போது அங்கே காம்பவுண்டுச் சுவர் எழுந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் குக்கர் விசில் இங்கே கேட்கும். அந்த வீட்டுக்குப் போக மெயின் ரோட்டைச் சுற்ற வேண்டும். ஆம்புலன்சும் அப்படித்தான் சுற்றும்.

2008இல் வேலூர் மாநகராட்சியானது. 2011இல் காட்பாடியும் சத்துவாச்சாரியும் அதில் சேர்ந்தன. ஊர்களை ஓர் அரசாணை சேர்த்துவிடும். தெருக்களைச் சேர்க்க வரைபடத்தில் கோடு வேண்டும்.

கெட்டது தேறும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கத் தெருக்களின் ஒரு நூற்றாண்டை ஆராய்ந்து பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2015இல் வெளியிட்ட முடிவு இது: புதிதாகப் போட்ட தெருக்களின் இணைப்பு பல பத்தாண்டுகள் சரிந்து, 1994 வாக்கில் அடிமட்டம் தொட்டு, பிறகு ஏறியது.

எழுத்தில் சந்திப்பிழை வந்தால் அச்சேறுமுன் திருத்தலாம். தெருவில் வந்தால் யாரோ ஒருவர் வீட்டை இடித்துத்தான் திருத்த வேண்டும். ஆகவே விதி: மனை பிரிப்பவர் கடைசித் தெருவைப் பக்கத்து வரப்புவரை கொண்டுபோய்த் திறந்தே விடுக, அனுமதி தருபவர் அடுத்த நிலத்தின் படத்தையும் சேர்த்து விரித்துப் பார்க்க. நிலைத்தெரு இன்று திறந்திருந்தால்தான் வருதெரு நாளை வந்து சேரும்.