சீரியல் நேரத்துச் சந்திப்பிழை

"இத்தாப்பெரிய டிவி செவுத்துல சும்மா தொங்குது. ஒரு ஒயரக் குத்துனா முடிஞ்சுது. எதுக்கு மாமா தனியா மானிட்டரு?" என்று போன வாரம் மறையூரிலிருந்து வந்திருந்த மச்சினன் கேட்டான். கேட்டதோடு நிற்காமல் பையிலிருந்து ஒயரை எடுத்துக் குத்தியும் விட்டான். சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டான். ஒயர் இன்னும் குத்தியபடியே இருக்கிறது. முடிந்திருப்பது நான்தான்.

இந்த யோசனை எட்டிப் பார்க்காத வீடு ஏது? டிவி வாங்கும்போதே, "பின்னாடி கம்ப்யூட்டர் மாட்ட ஓட்டை இருக்குதுங்களா?" என்று கேட்டுத்தானே வாங்குகிறோம். இருக்கிறது என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் மனசுக்குள் ஒரு மானிட்டர் விலை மிச்சமாகிறது. அந்த மிச்சப் பணத்தில் டிவியை இன்னும் பெரிதாக வாங்கிவிடுகிறோம்.

நான் பார்ப்பது மெய்ப்பு. கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு கோவை, சென்னைப் பதிப்பகங்களின் புத்தகங்களில் விட்டுப்போன ஒற்றுகளைத் தேடிப் பிடித்துச் சிவப்பில் போட்டு அனுப்ப வேண்டும். பதினாலு அங்குல லேப்டாப்பில் ககர ஒற்றின் புள்ளியும் திரையில் வந்து உட்கார்ந்த கொசுவும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்திருந்த நேரம். 43 அங்குலம் என்றதும் சபலம் தட்டிவிட்டது.

எங்கள் ஊரிலிருந்து மறையூருக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் கேரளம்தான். ஆனால் கேரளாவை விட்டு வெளியேறித்தான் போக வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட், பொள்ளாச்சி, உடுமலை, பிறகு சின்னாறு செக்போஸ்ட். இரண்டு எல்லை தாண்டி, பஸ் மாறி மாறி, மச்சினன் பிசகாமல் வந்து சேர்ந்துவிடுகிறான். மேஜையிலிருந்து சுவருக்கு ஒன்றரை மீட்டர் போக வேண்டிய படம்தான் ‘நோ சிக்னல்’ என்று நடுவழியில் நின்றுகொள்கிறது.

பழைய விஜிஏ ஒயர் பரவாயில்லை. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. பதினைந்து ஊசி, இரண்டு பக்கமும் திருகாணி. திருகிவிட்டால் மாடு இழுத்தாலும் கழலாது. சத்தத்துக்கு மட்டும் தனி ஒயர் போட வேண்டும். 2002 டிசம்பரில் வந்த எச்டிஎம்ஐ, படமும் சத்தமும் ஒரே ஒயரில் என்று பெருமையாக வந்தது. திருகாணியை மட்டும் விட்டுவிட்டார்கள். அம்மா கூட்டும்போது துடைப்பத்தின் ஈர்க்கு பட்டாலே போதும், படமும் சத்தமும் ஒற்றுமையாகப் போய்விடுகின்றன.

ஒருவழியாகப் படம் வந்தது. ஓரம் வரவில்லை. இடது கீழ் மூலையில் இருக்க வேண்டிய ஸ்டார்ட் பட்டனைக் காணோம். வலது மேல் மூலையில் மூடுகிற பெருக்கல் குறியையும் காணோம். ஆரம்பிக்கவும் வழியில்லை, முடிக்கவும் வழியில்லை. இதற்குக் காரணம் பழைய பிக்சர் டியூப். அந்தக் காலத்து டியூபில் படத்தின் ஓரம் கோணலாக இருக்கும். கரண்ட் ஏறி இறங்கினால் படம் சுருங்கி விரியும். அது தெரியாமல் இருக்க, படத்தைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழியும்படி பெரிதாக்கிக் காட்டினார்கள். டிவி நிலையத்துக்காரர்களும் எழுத்தை ஓரத்தில் போடாமல் உள்ளே தள்ளிப் போட்டார்கள். டியூப் பழைய இரும்புக் கடைக்குப் போய் வருஷக்கணக்காகிறது. தட்டையான டிவியும் ஏனோ அந்த ஓரத்தை இன்னும் வெட்டிக்கொண்டேயிருக்கிறது.

படம் பார்க்கிறவர்களுக்கு இதில் நஷ்டமில்லை. கதாநாயகன் என்றைக்கும் நடுவில்தான் நிற்பான். பக்கத்தைத் திரை முழுக்க விரித்து எழுத்துக் கூட்டுகிறவன் கதை வேறு. ‘அவன்’ என்று ஆரம்பிக்கும் வரி ‘வன்’ என்று ஆரம்பித்தது. ‘அறம்’, ‘றம்’ ஆயிற்று. மொழிக்கு முதலில் வராது என்று தொல்காப்பியர் தள்ளிவைத்த றகரம் என் வீட்டு ஹாலில் வரியின் தலைப்பில் வந்து நின்றது. டிவி மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஒரு கம்பெனி அதை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்கிறது, ஒன்று ‘ஸ்கிரீன் ஃபிட்’, இன்னொன்று ‘ஃபுல் பிக்சல்’. ஓரம் திரும்பி வந்துவிட்டது.

வராமல் போனது சிவப்பு. நான் போட்ட திருத்தமெல்லாம் ஈரத்தாளில் வைத்த மைபோல ஊறிக் கிடந்தது. ஒற்றின் மேல் புள்ளி இருக்கிறதா, இல்லையா? இரண்டும் இல்லை, ஒரு கலங்கல் இருக்கிறது. நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நுணுக்கமாகத் தெரியும், நிற வித்தியாசம் அந்த அளவுக்குத் தெரியாது. இது டிவிக்காரர்களுக்குத் தெரியும். அதனால் வெளிச்சத்தை முழுசாகவும் நிறத்தைக் கால்வாசியாகவும் அனுப்பி மிச்சம் பிடிக்கிறார்கள், நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்று பங்குபோட்டு. முகத்துக்கும் பட்டுச்சேலைக்கும் வானத்துக்கும் அது போதும். மெலிந்த சிவப்பு எழுத்துக்குப் போதாது. மிச்சம் பிடிக்கப் போன என்னிடம் டிவி தன் பங்குக்கு மிச்சம் பிடித்தது. இதற்கும் மெனுவில் ஒரே ஓர் இடத்தில் கை வைத்தால் போதும், சிவப்பு பளிச்சென்று வந்துவிடும். கம்ப்யூட்டரை டிவியில் மாட்டும் ஒவ்வொருவருக்கும் உபயோகப்படும் என்று அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் எதிர்வீட்டு அப்பத்தாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

டிவி என்பது ஹாலின் சொத்து. அதில் எது தெரிந்தாலும் அது நிகழ்ச்சி. இந்தச் சட்டத்தை மச்சினன் எனக்குச் சொல்லவில்லை. முதல் நாள் நான் திருத்த ஆரம்பித்த சற்று நேரத்தில் அம்மா முறத்தோடு வந்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தார். சாயங்காலம் வழக்கம்போல சீரியலுக்கு வந்த அப்பத்தா, சீரியல் இல்லை என்று தெரிந்தும் எழுந்து போகவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏங்கண்ணு, அந்தச் செவப்புல கிறுக்கறவன் யாரு?"

"நான்தான் அப்பத்தா."

"எழுதுனவன் வேறயா?"

"ஆமாங்."

"அவன் எழுதுனா உனக்கென்ன? எழுதிட்டுப் போவட்டும் உடு, பாவம்."

அதோடு கதையின் நாயகன் யார், வில்லன் யார் என்பது முடிவாகிவிட்டது. வலிமிகும் இடத்தில் ஒற்றை விழுங்கிவிட்டுப் போன எழுத்தாளர் நாயகன். அவர் பின்னாலேயே கத்தியோடு திரிகிறவன் நான். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பே விழாமல் தப்பினால் ஹாலில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு கேட்கும். அடுத்த பக்கத்தின் முதல் வரியிலேயே நான் ஒரு சொல்லை அடித்தால், "பாரு, ஆரம்பிச்சுட்டான்" என்று அம்மாவே சொல்வார். பெற்ற தாய்.

மவுஸ் அம்புக்குத் தனி ரசிகர்கள். அது ஒரு மூலையில் போய் நின்றால், "அங்க என்ன இருக்குதுன்னு போச்சு?" என்று கேள்வி. பாஸ்வேர்டு அடித்தால் எழுத்து தெரியாமல் கறுப்புப் புள்ளியாக விழுகிறதல்லவா, அதில் இருவருக்கும் மனவருத்தம். "நம்மகிட்ட மறைக்கறான் பாருங்க" என்றார் அப்பத்தா. ஒருநாள் விண்டோஸ் தன்பாட்டுக்கு அப்டேட் ஆரம்பித்தது. நீலத் திரையில் வட்டம் சுற்றுகிறது, கீழே சதவீதம் ஏறுகிறது. அன்று எங்கள் ஹாலில் நிலவிய அமைதியை உலகக்கோப்பை இறுதி ஆட்டத்திலும் நான் கண்டதில்லை. "இருவத்தேழு ஆயிருச்சு", "நாப்பது ஆயிருச்சு" என்று வாசலில் நின்றவர்களுக்கு நேரடி வர்ணனை வேறு. அறுபதில் வெகுநேரம் நின்றபோது, "இன்னிக்கு முடிச்சுருவாங்களா, நாளைக்குன்னு போட்டுருவாங்களா?" என்று அப்பத்தா கவலைப்பட்டார். நான் மூன்று மாதம் உட்கார்ந்து திருத்திய ஒரு வரலாற்று நூலுக்கு இதில் பாதி ஆர்வம் கிடைத்திருந்தால் இரண்டாம் பதிப்பு போயிருக்கும்.

கேபிள் வசூலுக்கு வரும் தம்பியிடம் அடுத்த மாசம் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்வது என் வழக்கம். அன்றும் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டே என் தோளுக்கு மேலே பார்த்தான். சுவரில், 43 அங்குலத்தில், என் பேங்க் கணக்கு மல்லாந்து கிடந்தது. "அதுல இருக்குதுங்களே சார்" என்றான். எண்ணிக் கொடுத்தேன். அதே வாரம் பதிப்பாளரிடமிருந்து ‘இந்த மாதமும் கொஞ்சம் தாமதமாகும்’ என்று வாட்ஸாப் செய்தி திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஓரத்தைப் பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்தவன் நான். விடிவதற்குள் அந்தத் தாமதம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கடைக்காரர் தானாகவே, "மெதுவாக் குடுங்க" என்றார்.

அப்பத்தாவைக் கேலி பண்ணிப் பயனில்லை. சரித்திரம் அவர் பக்கம். 1982-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கென்று திரை கிடையாது. வீட்டு டிவியின் ஆன்டெனா ஓட்டையில் ஒயரைச் சொருகி, சேனலைத் திருகித் தேடுவதுபோல் கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அப்போதே அது ஒரு சேனல்தான். நடுவில் கொஞ்சகாலம் மானிட்டர் என்று ஒன்று வந்து, கம்ப்யூட்டர் என்றால் ஒருத்தன் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்ப்பது என்ற நினைப்பைக் கொடுத்துவிட்டது.

இதில் எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். பகல் பதினொரு மணிக்கு ஹாலில், மடியில் லேப்டாப்போடு டிவியை முறைத்துக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் யாருக்கும் ரேஷன் கடை ஞாபகம்தான் வருகிறது. கரண்ட் பில் ஞாபகம் வருகிறது. "சும்மாதான இருக்கீங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்துருங்க." உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் சீட்டாடியபோதெல்லாம், "அவரு வேலையா இருக்காரு" என்று காபி வந்தது. இப்போது கண் எரிய வேலை பார்க்கிறேன். காபி அப்பத்தாவுக்குப் போகிறது.

டிவி முன்னால் உட்கார்ந்தால் உருப்பட முடியாதா என்ன? 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரளா முழுக்க ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்று டிவியில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்களே. மலையாள மீடியம் பிள்ளைக்கு விக்டர்ஸ் சேனலைத் திருப்பினால் பாடம். தமிழ் மீடியம் பிள்ளைக்குப் பாடம் பெரும்பாலும் யூடியூப் வழியாகத்தான் வந்தது. கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் மூணாறு எஸ்டேட் லயங்களிலும் வண்டிப்பெரியாரிலும் இருக்கிற பிள்ளைகளுக்குச் சேனலைத் திருப்பினால் மட்டும் காரியம் ஆகாது. போன் வேண்டும், அதில் நெட் வேண்டும், மலையில் ரேஞ்சு வேண்டும், அண்ணன் தம்பி சேர்ந்து பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் டிவிக்கு ஒரு ஒயரும் வேண்டும். ஒரே அரசாங்கம், ஒரே பாடத்திட்டம். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்புக்கு முன்னால் ஒரு எலக்ட்ரிக் வேலை.

அந்த வேலையை மறையூரில் வீடு வீடாகப் போய்ச் செய்து கொடுத்தவன் என் மச்சினன். காசு வாங்கவில்லை. ஒரு கட்டைப்பை நிறைய ஒயரோடு போவான், குத்துவான், படம் வந்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்கள், அடுத்த வீட்டுக்குப் போவான். அன்றிலிருந்து சுவரில் சும்மா தொங்கும் டிவியைக் கண்டால் அவன் கை சும்மா இருப்பதில்லை. அவனைத் திட்டவும் முடியவில்லை என்பது என் எரிச்சலில் பாதி. மறுபாதி, அவன் தன் லேப்டாப்புக்குத் தனி மானிட்டர் வாங்கி வைத்திருக்கிறான் என்று தங்கச்சி போனில் சொன்னது.

சரி, அந்தச் சிவப்பு விஷயத்துக்கு வருகிறேன். டிவியின் மெனுவுக்குள் போய், உங்கள் ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறதோ அந்த இடத்தில்... மணி ஏழாகிவிட்டது. சீரியல். இப்போது வீட்டில் ஒரு ஒப்பந்தம் அமலில் இருக்கிறது. சீரியல் ஓடும்போது டிவி அவர்களுடையது, விளம்பரம் வந்தால் என்னுடையது. ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அமுக்கி நான் உள்ளே வந்து, விட்ட வரியைக் கண்டுபிடித்து, ஒரு பத்தியை முடிப்பதற்குள் "போட்டுட்டாங்க, போட்டுட்டாங்க" என்று குரல் வந்துவிடும். மெனுவுக்குள் போய்ச் சாவகாசமாக நிறத்தைச் சரிசெய்ய நேரம் எங்கே? பதிப்பாளர் போன் பண்ணி எப்போது முடியும் என்றார். எத்தனை விளம்பரம் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நேற்று ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. சோப்பு விளம்பரத்தில் வரும் குழந்தை அப்பத்தாவின் கொள்ளுப்பேத்தி மாதிரியே இருக்கிறதாம். அதை மட்டும் மாற்றக் கூடாதாம். மிச்ச விளம்பரமெல்லாம் நானே எடுத்துக்கொள்ளலாமாம்.