கடன் வாங்காத குற்றவாளி

திருச்சி காட்டூரில் எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம். இருபத்தாறு வருஷமாக, மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் அந்தப் பக்கத்தில் ஒரு குறுக்குக் கோடு விழும். ஓரத்தில் ‘பைசல்’ என்று எழுதுவார். ஒரே ஒரு தை மாதம் எட்டாம் தேதி ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் என் மனைவி அண்ணாச்சி முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, எதிர்ச்சாரியில் ரொக்கத்துக்கு உப்பு வாங்கினாள்.

இப்பேர்ப்பட்ட குடும்பத்தின் நாணயத்தை ஒரு வங்கி சோதித்துப் பார்த்தது. மாடியில் ஓர் அறை எடுக்க நாலு லட்சம் கேட்டுப் போயிருந்தேன். பான் எண்ணைத் தட்டினார்கள். கம்ப்யூட்டர் யோசித்தது. மார்க் வந்தது.

மைனஸ் ஒன்று.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கே வராதவனுக்குக்கூட ஆப்சென்ட் என்றுதான் போடுவார்கள். மைனஸ் போட மாட்டார்கள். சிபில் போடும். 300 முதல் 900 வரை அதன் மதிப்பெண். 750க்கு மேல் வாங்கினால் வங்கியில் நாற்காலி, குடிக்கத் தண்ணீர். கடனே வாங்காதவனுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. வாங்கிய கடனைக் கட்டாதவனுக்காவது 300, 400 என்று ஏதோ கிடைக்கும்.

“உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லையே சார்” என்றார் அந்த அதிகாரி. என் மகன் வயசு. குரலில் நிஜமான பரிதாபம். ஐம்பத்து மூன்று வயசு வரை கடன் வாங்காமலே இருந்துவிட்டேனே, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லையா என்கிற மாதிரி பார்த்தார்.

“என்ன பண்ணணும் தம்பி?”

“ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்க சார். ஆறு மாசம் தேய்ங்க. கட்டுங்க. அப்புறம் வாங்க.”

“சரி, கார்டு கொடுங்க.”

“ஸ்கோர் இல்லாம கார்டு தர முடியாதே சார்.”

கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். இந்தப் பழமொழியைத்தான் வங்கியில் ‘பாலிசி’ என்கிறார்கள்.

முதல்முறை கடன் கேட்டு வருகிறவனைக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6ஆம் தேதியே எழுதி வைத்திருக்கிறது. அதே வருஷம் நாடாளுமன்றத்திலும் நிதித்துறை இணையமைச்சர் அதைப் படித்துக் காட்டினார். நான் அதை அதிகாரியிடம் சொன்னேன். “அது ரூல் சார், இது சிஸ்டம்” என்றார். இந்த நாட்டைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

யார் இந்த சிபில்? 2000ல் தொடங்கிய கம்பெனி. 2005ல் அந்தத் தொழிலுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இப்போது சிகாகோவின் டிரான்ஸ்யூனியன் கையில். கூடவே எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று பேர். நாலு பேருக்கும் தனித்தனி மார்க், தனித்தனி கணக்கு. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பார்களே, அந்த நாலு பேர் யாரென்று இப்போதுதான் தெரிந்தது. அவர்கள் எங்கோ உட்கார்ந்துகொண்டு காட்டூர்க்காரன் யோக்கியனா என்று சொல்வார்கள். அண்ணாச்சி நோட்டு அவர்களுக்குப் போவதில்லை. கரன்ட் பில்லை ஒருநாள் தவறாமல் கட்டியது போகவில்லை. சீட்டுப் பணம் கட்டியது போகவில்லை. வாடகை போகவில்லை. கடன் மட்டும்தான் போகும்.

சரி, எப்படியாவது உள்ளே நுழைய வேண்டுமே. பின்வாசல் ஒன்று உண்டு. ஃபிக்சட் டெபாசிட் போட்டால் அதன்மேல் கார்டு தருவார்கள். 25,000 ரூபாய் போட்டேன். 20,000க்கு லிமிட் போட்டு ஒரு கார்டு வந்தது. நன்றாகக் கவனியுங்கள். என் பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதில் ஐந்தில் நாலு பங்கை எனக்கே கடனாகக் கொடுத்து, அதை நான் ஒழுங்காகத் திருப்பித் தருகிறேனா என்று பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் கிரெடிட் பில்டிங். வீடு கட்டத்தான் போனேன். இதைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

இருபதாயிரம் லிமிட் என்றால் இருபதாயிரமும் செலவழித்துவிடக் கூடாது. முப்பது சதத்தைத் தாண்டினால் மார்க் குறையுமாம். ஆறாயிரம்தான் தொடலாம். இலை நிறையப் பரிமாறிவிட்டு அப்பளத்தை மட்டும் கடித்துக்கொள் என்று சொல்லும் கல்யாண வீடு இது. இன்னொரு கார்டுக்கு, இன்னொரு வங்கிக்கு என்று அடுத்தடுத்து விண்ணப்பித்தாலும் குறையும். கேட்டதற்கே தண்டனை.

கார்டு வந்த வாரத்திலிருந்து ஒரே மரியாதை. பெட்ரோல் பங்க் வாசலில் டை கட்டிய ஒரு பையன், உச்சி வெயிலில், குடையும் இல்லாமல் நின்று என்னை மறித்தான். “சார், இதைவிட ரிவார்டு நிறைய உள்ள கார்டு இருக்கு சார். வெல்கம் பாயிண்ட் சார். லவுஞ்ச் ஃப்ரீ சார்.” பையனைத் திட்ட மனசு வரவில்லை. அவனுக்கு டார்கெட். அவனை அனுப்பியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

லவுஞ்ச் என்றால் விமான நிலையத்தில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடும் இடம். திருச்சி விமான நிலையத்துக்கு 2024ல் புது முனையம் திறந்தார்கள். கோபுரம், ஓவியம் என்று கண்ணைப் பறிக்கிறது. நான் தினமும் போவது காட்டூர் நிறுத்தத்திலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு. டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுதான் லவுஞ்ச். சரி, என்றைக்காவது பறந்தால் ஆகட்டும் என்று பொடி எழுத்தைப் படித்தேன். முந்தின மூன்று மாதத்தில் இத்தனை ஆயிரம் செலவழித்திருந்தால்தான் அந்த இலவச இட்லி. வங்கிக் கடன் பாக்கியை விட்டுவிட்டு 2016 மார்ச்சில் லண்டனுக்கு விமானம் ஏறினாரே விஜய் மல்லையா, அவரிடம் போன காலாண்டுச் செலவை யாராவது சரிபார்த்தார்களா தெரியவில்லை.

இப்போது பாயிண்ட் கணக்குக்கு வருவோம். என் கார்டில் நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட். ஒரு பாயிண்டுக்கு 25 காசு. இருபதாயிரம் செலவழித்தால் 200 பாயிண்ட். அதாவது ஐம்பது ரூபாய். அதை வாங்கிக்கொள்ள ரிடெம்ப்ஷன் கட்டணம் 99 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதம். ஆக 116 ரூபாய் 82 காசு கொடுத்து ஐம்பது ரூபாய் பரிசு பெறலாம். பெட்ரோலுக்குப் பாயிண்ட் கிடையாது. வாடகைக்குக் கிடையாது. இரண்டு வருஷத்தில் காலாவதி. எங்கள் தெருவில் பழைய பேப்பருக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் இதைவிட நேர்மையானவர். தராசையாவது கண்ணில் காட்டினார்.

பரிசு ஐம்பது ரூபாய். தண்டனை எவ்வளவு? இருபதாயிரம் பில் வருகிறது. அதன் அடியிலேயே ஆசையாக ஒரு வரி: குறைந்தபட்சம் கட்ட வேண்டியது ஆயிரம். ஆஹா, ஆயிரம் கட்டினால் போதுமே என்று கட்டுகிறான் ஒரு அப்பாவி. அவனுக்கு மாத வட்டி 3.5 சதம். ஏறக்குறைய 700 ரூபாய். அந்த வட்டிமேல் ஜிஎஸ்டி 126. மொத்தம் 826. கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போனது 174 ரூபாய். அதோடு விட்டார்களா? பாக்கி வைத்த நாளிலிருந்து புதிதாக வாங்கும் பால் பாக்கெட்டுக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஐம்பது நாள் வட்டியில்லாக் கடன் என்றார்களே, அது முழுசாகக் கட்டுகிறவனுக்கு மட்டும். கார்டைப் போட்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் அவனுக்கும் இல்லை, முதல் நாளே மீட்டர் ஓடும்.

வட்டிக்கு வரி. கந்துவட்டிக்காரன்கூட இதை யோசித்ததில்லை.

கந்துவட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் 2003ல் சட்டம் போட்டு மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் தடை செய்தார்கள். அது லுங்கி கட்டியவனுக்கு. டை கட்டியவன் வருஷத்துக்கு 42 சதம் வாங்கலாம். முப்பது சதத்துக்கு மேல் வாங்குவது அநியாயம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல் சொல்லிப் பார்த்தது. பதினாறு வருஷம் வழக்கு நடந்தது. 2024 டிசம்பர் 20ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. வட்டி அதிகம் என்பதற்காக வங்கிக் கணக்கை நீதிமன்றம் கிளறக் கூடாது என்கிறது அது. ஆக வங்கி வாங்கினால் அது வட்டி விகிதம். தெருக்காரன் வாங்கினால் அது குற்றம். என் வயிறு எரிவது இரண்டுக்கும் ஒன்றாகத்தான் எரிகிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு நண்பர். துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். ஆர்டர் இல்லாமல் பட்டறை நாலு மாதம் படுத்தபோது கார்டு பாக்கி ஏறிவிட்டது. வசூல் ஆட்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். பாதியைக் கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம் என்றார்கள். மனைவியின் தாலிச் செயினை அடகு வைத்துக் கட்டினார். முடிந்தது என்று சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். முடியவில்லை. ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று விழுந்துவிட்டது. முழுசாகக் கட்டியிருந்தால் ‘குளோஸ்டு’. செட்டில்டு என்றால் அரைகுறை ஆசாமி என்று அர்த்தம். வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் தழும்பு. வாசலில் நின்றவன் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறான்?

இந்த மார்க் கடனோடு நின்றாலும் பரவாயில்லை. ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேர்வானவர் ஒருவரின் நியமனத்தை, கடன் வரலாறு சரியில்லை என்று ரத்து செய்தார்கள். சரிதான் என்று 2025ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வேலை இல்லாததால் கட்ட முடியவில்லை, கட்டாததால் வேலை இல்லை. செக்குமாடுகூடச் சாயங்காலம் அவிழ்த்துவிடப்படும்.

அதே 2025ல் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கும் சிபில் பார்க்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. விவசாயிகள் கொதித்தார்கள். கொதிக்காமல்? மேட்டூர் ஜூன் 12ல் திறக்குமா, திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருமா, அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் மழைக்கு முன்னால் எடுப்பார்களா என்று எதுவும் தெரியாத மனிதனைப் பார்த்து, தவணையை எத்தனாம் தேதி கட்டினாய் என்று கேட்டால்?

இனி மார்க் போடுகிறவர்களுக்கு நாம் மார்க் போடுவோம். 2014–15 தொடங்கிப் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். நான் சொல்லவில்லை, 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு என்று உடனே பாடம் எடுப்பார்கள். நல்லது. அந்த வேறுபாட்டை என் நண்பரின் தாலிச் செயினுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கலாமே.

எங்கள் ஊர்க் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை பதினாலரை கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு. பத்து வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறோம். மனு, மறியல், மனிதச் சங்கிலி எல்லாம் ஆயிற்று. அடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்கும் குறைந்தபட்சத் தொகை மாதிரி ஒரு வாக்குறுதி கட்டுவார்கள். அசல் அப்படியே நிற்கிறது. கார்டு பில்லை மூன்று நாள் தாண்டிக் கட்டினால் எனக்கு அபராதம். இந்தப் பாக்கிக்கு எந்த சிபில் மார்க் குறைத்தது?

நான் என் பங்கைச் செய்தேன். பாயிண்டும் லவுஞ்சும் வேண்டாம், ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு போதும் என்று டெபாசிட் கார்டையே வைத்துக்கொண்டேன். பில் தொகை முழுவதும் கணக்கிலிருந்து தானாகப் போக ஏற்பாடு செய்தேன். பெரிய கடைவீதியில் ஒரு வேட்டி, மாதாமாதம் கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். ஆறாயிரம் கோட்டைத் தாண்டவில்லை. இப்படி முழுசாகக் கட்டுகிறவனுக்கு அமெரிக்கக் கார்டு வட்டாரத்தில் ‘டெட்பீட்’ என்று பட்டப்பெயராம். கடனைக் கட்டாமல் ஏய்ப்பவனைத் திட்டும் சொல் அது. வட்டி கொடுக்காதவன் அவர்களைப் பொறுத்தவரை ஏமாற்றுக்காரன்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்று 2017லிருந்து விதி. ஏழாம் மாதம் எடுத்துப் பார்த்தேன். 761. அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, “எதுக்கு இது?” என்றார். “நான் நாணயஸ்தன்னு எழுதியிருக்கான் அண்ணாச்சி.” அவர் நோட்டைப் புரட்டினார். “இந்த மாசம் 2,340. அஞ்சாம் தேதி நாளைக்கு.”

மறுநாள் நோட்டில் கோடு விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறு, சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் போன்.

“சார், வாழ்த்துகள். உங்க ஸ்கோர் எக்ஸலண்ட். மூணு லட்சம் பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டு.”

“மாடி ரூம் எடுக்க நாலு லட்சம் கேட்டிருந்தேனேம்மா?”

“அது ஹோம் லோன் டிபார்ட்மெண்ட் சார். இது வட்டி கொஞ்சம் கூட. ஆனா உடனே கிடைக்கும்.”

“வேண்டாம்மா. அறுவடைக்கு ஊர்லேர்ந்து மச்சான் தர்றேன்னிருக்கார். கடன் தேவையில்ல.”

அந்தப் பெண் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

“அப்படி விட்டுட்டா ஸ்கோர் இறங்கிடுமே சார்?”