வாளிக்குள் இருக்கும் டோக்கன்

கேள்வி: புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எங்கள் வணிக வளாகத்துக்குப் பெயிண்ட் அடிக்க மூன்று காண்ட்ராக்டர்கள் விலை சொல்லியிருக்கிறார்கள். யாரைப் பிடிப்பது?

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் இருக்கும்போது என்னைக் கேட்கிறீர்களே! 9-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள குடைவரைக் கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனின் பெயர் அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய தாமரைக் குளம், சிதைந்தது போக இன்னும் கூரையில் தெரிகிறது.

உங்களுக்கு இரண்டு ஐப்பசி மழை தாங்கினால் போதும். ஆகவே, இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த கட்டடத்தைக் காட்டச் சொல்லுங்கள். போன வாரம் முடித்ததைக் காட்டினால் நம்பாதீர்கள். அது பெண் பார்க்கும் நாள் முகம். வெளிச்சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவது, விரிசல் அடைப்பது, பிரைமர், எத்தனை கோட் எல்லாம் எழுத்தில் வரட்டும். ஜன்னல், ஷட்டரைக் கழித்துத்தான் சதுர அடிக் கணக்கா என்றும் கேளுங்கள். ஓதம் ஏறும் சுவரை முதலில் சரிசெய்யச் சொல்பவர் நல்லவர்; ‘மேலே ஒரு கோட் இழுத்துடலாம் சார்’ என்பவர் அடுத்த வருஷமும் வருவார்.

சில கம்பெனி வாளிகளில் பெயிண்டருக்கென்று, காசாக மாற்றிக்கொள்ளும் டோக்கன் இருக்கும். ஒரு குறிப்பிட்ட பிராண்டுக்கு அவர் அடம்பிடித்தால் காரணம் தரம்தானா என்று விசாரியுங்கள். சீல் உடைக்காத வாளியை உங்கள் முன்னால்தான் திறக்க வேண்டும். கடைசித் தவணையை வேலை முடிந்து, ஒரு நல்ல மழை பெய்த பிறகு கொடுங்கள்.