கேளுங்க மாமாவை: வௌவால் ஸ்பெஷல்

2005-ல் வந்த ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தை இன்னும் எதற்குத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள்?
(செகண்ட் ஷோ ரசிகன், திருச்சி)

சத்தியவானுக்குப் பிறகு எமனிடமிருந்து திரும்பி வந்த ஆள் என்பதால்.

அப்படி என்ன ஆயிற்று பேட்மேனுக்கு?
(பஞ்சுமிட்டாய், கும்பகோணம்)

1997-ல் ‘பேட்மேன் அண்ட் ராபின்’ ஆயிற்று. ரப்பர் உடுப்பில் மார்க்காம்பு வைத்துத் தைத்தார்கள். பனி வில்லனாக வந்த அர்னால்டு பனிக்கட்டி சிலேடையாகப் பேசினார், பேசினார், தியேட்டர் உறையும்வரை பேசினார். இயக்குநர் ஷூமாக்கர் பிற்பாடு மன்னிப்புக் கேட்டுவிட்டார். ஹீரோ ஜார்ஜ் க்ளூனியும் கேட்டுவிட்டார். டிக்கெட் காசைத்தான் யாரும் திருப்பித் தரவில்லை. அதன்பின் எட்டு வருஷம் வௌவால் தலைகீழாகவே தொங்கியது.

கிறிஸ்டோபர் நோலனை நம்பி எப்படிக் கொடுத்தார்கள்?
(வால்பையன், தேனி)

அன்றைக்கு அவர் கையிருப்பு மூன்றே படம்: ‘ஃபாலோயிங்’, ‘மெமென்டோ’, ‘இன்சோம்னியா’. கதையைக் கடைசியிலிருந்து சொல்கிற மனுஷனைக் கூப்பிட்டு ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னதே துணிச்சல்தான். உபரித் தகவல்: அதே 2005-ல் ‘மெமென்டோ’வின் சாயலோடு இங்கே ‘கஜினி’ சக்கைப்போடு போட்டது. ஒரே வருஷத்தில் நோலனுக்கு இரண்டு ஹிட். சம்பளம் ஒன்றுக்குத்தான்.

சுமார் ஒரு மணி நேரம் ஹீரோ முகமூடியே மாட்டவில்லை. ஏமாற்று வேலை இல்லையா?
(கோபக்காரன், சேலம்)

அதுதான் ஐயா வைத்தியமே! 1989 படத்தின் டைட்டிலில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? பேட்மேனாக நடித்த மைக்கேல் கீட்டன் இல்லை, ஜோக்கராக வந்த ஜாக் நிக்கல்சன். அப்போதிலிருந்தே வில்லன்கள் கச்சேரி செய்ய, ஹீரோ பக்கவாத்தியம். நோலனும் கூட எழுதிய டேவிட் கோயரும் மேடையை, முகமூடிக்குள் இருக்கும் ஹீரோ ப்ரூஸ் வேனுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கூடவே எல்லாவற்றுக்கும் காரணமும் ரசீதும் வைத்தார்கள். அந்தக் கவசம், ஒன்றுக்கு 3 லட்சம் டாலரா என்று ராணுவம் கழித்துக்கட்டிய சரக்கு. வண்டி, ஆற்றைத் தாண்டிப் பாலம் போடுவதற்குச் செய்து, உபயோகப்படாமல் கிடந்தது. நம்ம ஹீரோ கோடீஸ்வரர்தான், ஆனால் வாங்கியதெல்லாம் காயலான் கடையில்!

அந்த வண்டி கிராஃபிக்ஸ்தானே?
(மெக்கானிக் மாப்பிள்ளை, கோவை)

வாயைக் கழுவுங்கள். நோலன் வீட்டு கராஜில் பிளாஸ்டிக் பொம்மைகளை உடைத்து ஒட்டி வடிவமைப்பாளர் நாதன் க்ரவ்லி வடிவம் கொடுத்தார். பிறகு நிஜமாகவே கட்டி, 5.7 லிட்டர் வி8 இன்ஜின் வைத்து, சிகாகோ தெருக்களில் ஓட்டினார்கள்.

கிறிஸ்டியன் பேல் மாதிரி உடம்பு தேற என்ன வழி?
(ஒல்லிப்பிச்சான், நெல்லை)

முதலில் ‘தி மெஷினிஸ்ட்’ படத்துக்காக எலும்புக்கூடாக இளைக்க வேண்டும். அப்புறம் சில மாதத்தில் வெறித்தனமாகத் தின்று ஏற்ற வேண்டும். அவர் ஏற்றிய வேகத்தில் அளவு மீறிப்போய், ‘ஃபேட்மேன்’ என்று படக்குழு கிண்டல் செய்ய, மறுபடி இறக்கினார். டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். கேட்டால் செய்யவே விடமாட்டார்.

சிலியன் மர்ஃபி இதில் இருக்கிறாரா?
(நீலக்கண் ரசிகை, மதுரை)

பேட்மேன் உடுப்பு மாட்டி டெஸ்ட் கொடுத்தவர் அவர். வேஷம் பேலுக்குப் போய்விட்டது; இவருக்குக் கிடைத்தது வில்லன் ஸ்கேர்குரோவின் கோணிச்சாக்கு. மனுஷன் சாக்கு சொல்லாமல் மாட்டிக்கொண்டார். 2024-ல் ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்கு ஆஸ்கர்.

அப்பா அம்மாவைச் சுட்டுவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். அதில் என்ன புதுமை?
(எல்லாம் தெரிந்தவன், புதுச்சேரி)

எல்லாம் தெரிந்த உங்களுக்கு இது தெரியாதே! காமிக்ஸில் குடும்பம் ‘ஜோரோ’ சினிமா பார்த்துவிட்டுத் திரும்பும். நோலன் அதைத் தூக்கிவிட்டு ஆப்பரா வைத்தார். மேடையில் வௌவால் மாதிரி ஆடுகிறவர்களைப் பார்த்துப் பையன் மிரண்டு, ‘போகலாம்’ என்கிறான். பாதியில் எழுந்து பக்கத்துச் சந்தில் இறங்குகிறார்கள். அங்கேதான் துப்பாக்கி.

ஆக, தன் பயம்தான் பெற்றவர்களைக் கொன்றது என்று நினைத்தே வளர்கிறான். வில்லனின் ஆயுதமும் பயம் கிளப்பும் புகை. ஜோரோவைப் பார்த்த பையனுக்கு முகமூடி ஆசை வரும். வௌவாலைப் பார்த்து மிரண்டவனுக்குக் குற்ற உணர்ச்சி வரும். ஆசை ஒரு படத்துக்குத் தாங்கும், குற்ற உணர்ச்சி மூன்று படத்துக்கு.

பனிமலைக் காட்சி இமயமலையிலா எடுத்தார்கள்?
(டூரிஸ்ட், ஊட்டி)

ஐஸ்லாந்துப் பனியாற்றில். இந்தியாவுக்கு வந்தது மூன்றாவது படத்துக்குத்தான், ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டைக்கு.

குறையே இல்லாத படமா?
(நக்கீரன் பேரன், மதுரை)

சண்டைக் காட்சியில் யார் யாரை அடிக்கிறார் என்பது கேமராவுக்கே தெரியாது. அப்புறம் வில்லனின் அந்த மைக்ரோவேவ் மிஷின்! பூமிக்கடியில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெடிக்கச் செய்யுமாம்; பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்கு வியர்க்கக்கூட வியர்க்காதாம். அவன் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே? ஓரவஞ்சனை பிடித்த மிஷின்.

வசூல்?
(கணக்குப்பிள்ளை, காரைக்குடி)

செலவு 15 கோடி டாலர், உலக வசூல் சுமார் 37 கோடி. அடுத்து வந்த ‘தி டார்க் நைட்’ 100 கோடியைத் தாண்டியது. முதல் படம் கடனை அடைத்தது, இரண்டாவது சொத்து வாங்கியது.

இதைப் பார்த்துப் பிற்பாடு ஆளாளுக்கு இருட்டாகவே படம் எடுத்தார்களே, ஏன் ஓடவில்லை?
(டார்ச் லைட், வேலூர்)

இருட்டை மட்டும் காப்பியடித்தார்கள். கரண்ட் போனால் தத்துவம் வந்துவிடும் என்று நினைப்பு. மாளிகையே பற்றி எரியும்போதும் முதலாளியின் தண்டாலை நக்கலடிக்கும் பட்லர் மைக்கேல் கெய்னை யாரும் காப்பியடிக்கவில்லை.

பேட்மேனை உருவாக்கியவர் யார்?
(குவிஸ் குமாரி, நாகர்கோவில்)

1939-ல் பாப் கேன், பில் ஃபிங்கர் இருவரும். பல காலம் ‘உருவாக்கியவர்’ என்று கேன் பெயர் மட்டுமே வந்தது. இந்தப் படத்திலும் அப்படித்தான். ஃபிங்கர் 1974-லேயே காலமாகிவிட்டார். அவருக்கு அதிகாரபூர்வமாகப் பங்கு எழுதியது 2015-ல். குவிஸில் கேட்டால் இரண்டு பெயரையும் சொல்லுங்கள் அம்மணி. ஒன்றைத்தான் சரி என்றால், மார்க்கை வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.