இழையற்ற கேரளத்தில் என் மாருதி

"சேட்டா, பிரேக் லைட் கத்தணில்லல்லோ!"

கரமனைப் பாலத்தில் என்னை முந்திப் போன ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். நான் திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பிரேக் லைட் எதற்குக் கத்த வேண்டும்? கத்துவதற்குத்தான் ஹாரன் இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மலையாளத்தில் விளக்கு எரிவதைத்தான் கத்துவது என்பார்கள் என்று மறுநாள் அலுவலகத்தில் விளக்கினார்கள். அதாவது பாலம் முழுக்க நான் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்று நின்று வந்திருக்கிறேன்.

அது 2023 ஜூன். கேரளச் சாலைகளில் 726 ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் போடத் தொடங்கிய மாதம். சீட் பெல்ட்டைத் தடவிக்கொண்டு எல்லாரும் கம்பத்தின் உச்சியையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் போகிற வண்டியின் முதுகைப் பார்த்தவர் அந்த ஆட்டோக்காரர் ஒருவராகத்தான் இருக்கும்.

இருபது முப்பது ரூபாய்க்கு ஒரு பல்பு வாங்கிப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் அன்று ராத்திரி படித்துவிட்டேன். சாதாரண பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 நொடி ஆகுமாம். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதமே கிடையாது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்பது 3.3 மீட்டர். மாருதி 800-இன் நீளமும் அதேதான், 3.335 மீட்டர். ஒரு முழு மாருதியைக் காப்பாற்றும் வாய்ப்பு கையில் இருக்கும்போது யார்தான் சும்மா இருப்பார்கள்? எம்.ஜி. ரோட்டில் அறுபதில் போக முடியுமா என்று என் மனைவி கேட்டாள். அறிவியலில் இப்படிக் குறுக்கே பேசக் கூடாது.

தவிர, அரசாங்கமே என் பக்கம் இருந்தது. 'இழையற்ற கேரளம்' என்று மின்வாரியம் ஒரு திட்டம் போட்டு, வீடுகளிலிருந்த குண்டு பல்புகளுக்குப் பதிலாக ஒன்பது வாட் எல்.இ.டி. கொடுத்தது. குண்டு பல்பு விற்பதையே தடை செய்வோம் என்று 2020 பட்ஜெட்டில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் அறிவித்தார். காசர்கோடு மாவட்டத்துப் பிலிக்கோடு, நாட்டின் முதல் இழையற்ற ஊராட்சி என்று பெயர் வாங்கியது. இத்தனைக்கும் பிறகு என் மாருதி மட்டும் நாலு இழைகளை வைத்துக்கொண்டு அலைவதா?

சாலைக் கடைவீதிக்குப் போனேன். ஆ. மாதவன் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய தெரு. அங்கே பேரம் பேசுகிறவனும் கதாபாத்திரம் ஆகிவிடுவான் என்ற பயத்தில் சொன்ன விலைக்கே வாங்கினேன். "சிவப்பு வேண்டுமா, வெள்ளை வேண்டுமா?" என்று கடைக்காரர் கேட்டார். கண்ணாடிதான் சிவப்பாயிற்றே, வெள்ளைதானே வெளிச்சம் அதிகம் என்று வெள்ளையைக் கேட்டேன். பிரேக்குக்கு இரண்டு, கூடவே இண்டிகேட்டருக்கும் நாலு. அழிவு வருகிறபோது மொத்தமாகத்தான் வாங்குவோம்.

மாட்டிவிட்டு பிரேக்கை மிதித்தேன். மனைவி பின்னால் நின்றாள்.

"எரியுதா?"

"எரியுதுங்க."

"எப்படி எரியுது?"

"பஞ்சுமிட்டாய் கலர்ல."

வெள்ளை எல்.இ.டி. என்பது நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சு பூசியது. அதில் சிவப்பு சொற்பம். குண்டு பல்பின் வெளிச்சத்திலோ சிவப்பு கொட்டிக் கிடக்கும். கண்ணாடிக்கு வடிகட்ட ஏதாவது கிடைக்கும். பதினைந்து வருட வெயிலில் வெளுத்த என் கண்ணாடி, கிடைத்ததை அப்படியே வெளியே விட்டுவிட்டது. இத்தனைக்கும் சிவப்பு எல்.இ.டி.தான் மூத்தது, 1962-இலேயே நிக் ஹோலோன்யாக் செய்து காட்டிவிட்டார். நீலத்துக்குத்தான் முப்பது வருடம் திண்டாடி, அதற்கு 2014-இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். நான் பரிசு வாங்கின பொருளை வாங்கிவிட்டேன்.

இதோடு போகவில்லை. பழைய பல்பில் இரண்டு இழை: ராத்திரிக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். என் புதுப் பல்புக்கு இரண்டும் ஒன்றுதான். ராத்திரியில் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே ரோஸ். பின்னால் வருகிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு பழகினார்கள். பழகியதுதான் ஆபத்து. இண்டிகேட்டரோ மரங்கொத்தி மாதிரி அடித்துக்கொண்டது.

வண்டியைக் களியக்காவிளைக்காரரான எலக்ட்ரீஷியன் ஆசானிடம் கொண்டுபோனேன். "பல்பு பீஸ் போனா இழுக்கிற கரண்ட் குறையும் சாரே. உடனே பிளாஷர் வேகமா அடிச்சுச் சொல்லும். உம்ம எல்.இ.டி. இழுக்கிற கரண்டப் பாத்து, பல்பு செத்துப் போச்சுன்னு அது நினைக்கு."

"இதுக்கு வழி?"

"ரெசிஸ்டர் வைக்கலாம். எல்.இ.டி. மிச்சம் பிடிக்கிற கரண்ட அது தின்னு தீத்துரும். தொட்டுராதீரும், கை பொத்துப் போகும்."

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒரு பொருள், மிச்சம் பிடித்ததை எரித்துத் தீர்க்க இன்னொரு பொருள். பல அலுவலகங்களில் இந்த முறை நடப்பில் இருப்பதால் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை.

ஆசான் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். 2008 வண்டி. பதினைந்து வருடம் முடிகிறது. மறுபதிவுக்குக் கொண்டுபோய் நிறுத்தவேண்டிய நேரம். "கம்பெனி வச்சதை மாத்தினா பிரிவு 52. இந்த ஊர்ல அதுல விளையாடாதீரும்."

"இழையற்ற கேரளம்னு அரசாங்கம்தானே சொல்லுச்சு?"

"அது கரண்ட் ஆபீஸ். இது மோட்டார் வாகனத்துறை. ரெண்டுக்கும் ஒருத்தன் கிட்ட கேக்கீரே."

ஒரே அரசு, ஒரே தலைநகரம். என் வீட்டில் இழை இருந்தால் பிற்போக்கு, வண்டியில் இழை இல்லாவிட்டால் குற்றம். கார் நிறுத்தும் கொட்டகைக்கு எந்தத் துறை என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

ஆசான் பழைய மாதிரியே டபுள் காண்டாக்ட் பல்பு இரண்டைத் திருகி மாட்டினார். நான் கழற்றி எடுத்து வைத்திருந்த இண்டிகேட்டர் பல்புகளும் திரும்ப ஏறின. கூலி வேண்டாம் என்றார். என் கதையைக் கேட்டதே போதுமாம். 0.2 நொடியை மிச்சம் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. மறுபதிவில் வண்டி தேறிவிட்டது. எல்.இ.டி. ஆறும் இப்போது ஊறுகாய் பாட்டில் ஒன்றில் இருக்கின்றன.

பாலத்தில் கே.எல். 01 பழைய மாருதி ஒன்று உங்கள் முன்னால் போனால் கொஞ்சம் இடைவெளி விட்டு வாருங்கள். ஒரு மாருதி நீளம் கூடுதலாக விட்டால் போதும்.