வீட்டு வானிலை அதிகாரி

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வானிலை அதிகாரி நான்தான். யாரும் நியமிக்கவில்லை. போனில் புயல் படத்தைப் பெருப்பித்துப் பார்க்கத் தெரியும் என்பதே தகுதி.

படத்தில் கூம்பு கிழக்குக் கரையோரமாக வடக்கே போயிற்று. "மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம்தான் மச்சான். கொழும்புக்கு ஒண்டுமில்ல" என்று, களனியில் ஆற்றோரம் வாடகைக்கு இருக்கும் மச்சானுக்கு அறிக்கை விட்டேன். கூம்பு காட்டுவது புயலின் மையம் எங்கெல்லாம் போகலாம் என்பதை மட்டும்தான். மழையோ மலைநாட்டில் கொட்டியது. சிவனொளிபாதமலைப் பக்கம் புறப்பட்டு 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை கடலுக்குப் போவது எங்கள் வாசல் வழியாகத்தான்.

அடுத்தது மண்சரிவுப் படம். கண்டியும் நுவரெலியாவும் சிவந்து கிடக்க, கொழும்பு நகரத்தில் நிறமே இல்லை. அதையும் ஆறுதலாக அனுப்பிவைத்தேன். கொட்டாஞ்சேனையில் சரிவதற்கு மலை ஏது என்று எனக்கு உறைக்கவில்லை.

இதற்கெல்லாம் மேல், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அட்டவணை. ஆற்றின் மேற்பக்கம் ஹங்வெல்லவுக்கு நேரே பெரிய எண், கீழே எங்கள் பக்கம் நாகலகம் வீதிக்கு நேரே சின்ன எண். "பாத்தியா, கீழ வர வர வடியுது!" என்றேன். ஹங்வெல்ல எண் மீற்றரில். நாகலகம் வீதி எண் அடியில். போதாததற்கு ஒவ்வோர் அளவுகோலுக்கும் தனித்தனிப் பூச்சியம். அங்கே 10 மீற்றர் பெருவெள்ளம் என்றால் இங்கே 7 அடியே பெருவெள்ளம். அந்த முறை 8 அடியையும் தாண்டியது.

தங்கச்சி ஒரு படமும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி அரிசி மூட்டையை மேல்மாடிக்கு ஏற்றுவதைக் கண்டவள், தானும் ஆட்களைப் பிடித்து பிரிட்ஜை ஏற்றிவிட்டாள். அண்ணன் சொல்லைக் கேளாத பிள்ளை. மழை விட்டு, "முடிஞ்சுது" என்று நான் அறிவித்த பிறகுதான் ஆறு உச்சத்துக்கு வந்தது. மலையில் பெய்தது கீழே வந்து சேர நேரமெடுக்கும்.

களனிக் கரையில் இருப்பவர்கள் நாகலகம் வீதிக் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: 4 அடி அவதானம், 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள். எனக்கு எடுக்க வேண்டாம்.